பல்லாவரத்தில் முன்பு யார் யார் வாழ்ந்தார்கள்? மகனின் பள்ளி வேலைக்காகக் கேட்கிறேன்

கேட்டவர்: கயல்_பல்லாவரம்

எல்லோருக்கும் வணக்கம். போன ஜூனில் மதுரையிலிருந்து பல்லாவரத்துக்குக் குடிவந்தோம். கணவருக்கு மறைமலை நகரில் வேலை. மகன் ஏழாவது படிக்கிறான். ‘எங்கள் ஊரும் இங்கு வாழ்ந்த பெரியவர்களும்’ என்று நாலு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இங்கே தெரிந்ததெல்லாம் மேம்பாலம், தலைக்கு மேலே விமானச் சத்தம், வெள்ளிக்கிழமை சந்தை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் கேட்டால், “எல்லாரும் வேலைக்குப் போய்விட்டு வந்து தூங்குகிற ஊர், இதில் என்ன வரலாறு?” என்கிறார்கள். “அப்போ மதுரையைப் பற்றியே எழுதிடட்டுமா அம்மா?” என்று மகன் கேட்டான். மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இனிமேல் இதுதானே அவன் ஊர்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ரயில்_பாஸ்

பக்கத்து ஊர் பரவாயில்லை என்றால் குரோம்பேட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். சேம்பர்ஸ் என்பவர் 1912இல் தொடங்கிய குரோம் லெதர் தொழிற்சாலையால்தான் அந்தப் பெயரே வந்தது. பல்லாவரத்தில் பெரிய ஆள் யாரும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பதில்: பழைய_பல்லாவரம்

கயல் அம்மா, உங்கள் கணவர் தினமும் ஒருவரின் பெயரைச் சொல்லித்தானே டிக்கெட் எடுக்கிறார்? அந்த மறைமலையடிகள் நம் பல்லாவரத்துக்காரர். முப்பத்தொரு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் நான். இங்கே அவரைத் தெரியாது என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது நாகப்பட்டினத்தில், 1876இல். பெற்றோர் வைத்த பெயர் வேதாசலம். 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937இல்தான். பதிமூன்று வருடம் பாடம் நடத்திவிட்டு 1911இல் வேலையை விட்டார். அதன் பிறகுதான் பல்லாவரத்துக்கு வந்தார். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்குவதற்கு இருபது வருடம் முன்னால். அப்போது இது பட்டணத்தை விட்டு விலகி, மலையடிவாரத்தில் இருந்த ஊர். 1950இல் காலமாகும்வரை அவருக்கு இதுதான் ஊர்.

இங்கே அவர் என்ன செய்தார் என்பதை உங்கள் மகன் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1916ஆம் வருடம். வீட்டுத் தோட்டத்தில் மகள் நீலாம்பிகையோடு நடந்துகொண்டிருக்கிறார். மகளுக்கு அப்போது பதிமூன்று வயது, உங்கள் மகனைவிட ஒன்றோ இரண்டோ கூட. வள்ளலாரின் பாட்டு ஒன்றைப் பாடுகிறார்கள். அதில் ‘உற்ற தேகத்தை உயிர் மறந்தாலும்’ என்று ஒரு அடி வருகிறது. அடிகள் நின்று, தேகம் என்ற இடத்தில் யாக்கை என்று இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்கிறார். அந்தப் பேச்சு அப்படியே வளர்ந்து, இனிப் பேச்சிலும் எழுத்திலும் பிறமொழிச் சொல் கலப்பதில்லை என்று அப்பாவும் மகளும் முடிவெடுக்கிறார்கள். தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய கதை இது. பல்லாவரத்தில் ஒரு தோட்டத்தில், ஒரு சின்னப் பெண்ணோடு பேசிய பேச்சில் தொடங்கியது.

அப்புறம் எல்லாப் பெயரும் மாறின. வேதம் என்றால் மறை, அசலம் என்றால் மலை. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ இதழ் ‘அறிவுக்கடல்’ ஆனது. ‘சமரச சன்மார்க்க நிலையம்’ ‘பொதுநிலைக் கழகம்’ ஆனது. இந்த மூன்று பெயரையும் மகனிடம் கொடுத்து, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று அவனையே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் வகுப்பில் இதைத்தான் செய்வேன். வள்ளலாரின் அந்த அடியைப் பலகையில் எழுதி, ‘தேகத்தை’ மட்டும் துடைத்துவிட்டு ‘யாக்கையை’ என்று எழுதுவேன். இரண்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். யாக்கை என்றால் கட்டப்பட்டது. எலும்பும் தோலும் நரம்பும் சேர்த்துக் கட்டியதால் உடம்புக்கு அந்தப் பெயர் என்று சொன்னதும், பின்வரிசைப் பையன்கள் தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சிலர் பழைய சொல்லே நன்றாக இருக்கிறது என்பார்கள். அதுவும் சரிதான், காதால் கேட்டுத்தானே சொல்கிறார்கள். நானும் சைக்கிளை சைக்கிள் என்றுதான் எழுதுகிறேன். ஆனாலும் ஒரு சொல்லுக்கு முன்னால் நின்று யோசிக்கிற பழக்கம் எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது.

நீலாம்பிகை அம்மையாரைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 1938 நவம்பர் 13ஆம் தேதி சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் கொடுத்தது அந்த மாநாடு. பல்லாவரத்தில் வளர்ந்த பெண் அவர். அடிகளுக்கு ஒரு பக்கம் என்றால் அவருக்கும் ஒரு பக்கம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடிகள் சேர்த்த புத்தகங்கள் 4,000க்கும் மேல். ஊராருக்குப் பயன்பட வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். 1958இல் லிங்கிச் செட்டித் தெருவில் அவர் பெயரில் நூலகமானது. பின்னாளில் கன்னிமாரா நூலகக் கட்டடத்துக்கு வந்தது.

பதில்: கல்லும்_மண்ணும்

வாத்தியார் ஐயா சொன்னதற்கு மேல் மனிதர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் கல் படித்தவன். இந்த ஊரில் மிகப் பழைய ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் செம்மண் சரளை தோண்டிய பள்ளத்தில் ஒரு கல்லை எடுத்தார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் கற்காலம் இருந்தது என்பதற்கு முதல் சான்று இதுதான். நான்கு மாதம் கழித்து, திருவள்ளூர்ப் பக்கம் இருக்கும் அத்திரம்பாக்கத்திலும் அவர் கருவிகளைக் கண்டார். அங்கே பின்னாளில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டியதில் கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டு வரைக்கும் போயிற்று. ஃபூட் சேகரித்தவற்றை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. எழும்பூருக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று. இங்கே மலையில் இருப்பது சார்னோக்கைட் என்கிற கல். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் கல்லறைமேல் இருக்கும் பலகைக்கல் நம் பக்கத்துக் கல்தான். அதைப் பார்த்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தக் கல்வகைக்கே அந்தப் பெயரை வைத்தார். இன்று உலகத்தில் எங்கே இந்த வகைக் கல் கிடைத்தாலும் அதே பெயர்தான். புதிதாக உடைந்த முகத்தைப் பார்த்தால் கருநீலமாக, எண்ணெய் தடவியது போல மினுக்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது குவாரியில் வேட்டு வைக்கும் நேரம் வந்தால் பாட்டி அலமாரியிலிருந்து கண்ணாடி டம்ளர்களை எடுத்துத் தரையில் வைப்பார். அப்படி உடைத்து ஜல்லியாகப் போன மலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பதில்: பழைய_பல்லாவரம்

நல்ல வேளை நினைவுபடுத்தினீர்கள். அந்தக் கல்லில்தான் முதலாம் மகேந்திரவர்மன் குகைக்கோயில் குடைந்திருக்கிறான், ஏழாம் நூற்றாண்டில். அவனுடைய பட்டப்பெயர்களைப் பல்லவ எழுத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். இப்போது அது தர்கா. பல காலமாகத் தொழுகை நடக்கிற இடம். உள்ளே போகும் முன் அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: கயல்_பல்லாவரம்

ஐயா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் போய்விட்டு வந்தோம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மகன் வெறும் கையைக் கோடரி பிடிப்பது போல மடக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். கட்டை விரல் எங்கே வரும் என்று காவலரிடம் கேட்டான். அவர் தன் கையை மடக்கிக் காட்டினார். நேற்று ராத்திரி எழுதி முடித்துவிட்டான். நாலு பக்கம் போதவில்லை, ஆறு ஆகிவிட்டது. நீலாம்பிகை அம்மையாருக்கு ஒன்றரைப் பக்கம். அட்டையில் ‘பிராஜெக்ட்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதற்கு என்ன எழுதலாம் என்று உங்களைக் கேட்கச் சொல்கிறான், ஐயா.