14 நாள் நாற்று: கோபியின் அட்டவணை கடைமடைக்கு எதற்கு?

கடைமடையான் (திருத்துறைப்பூண்டி பக்கம்)
நேற்று திருந்திய நெல் சாகுபடி பற்றிய பேச்சில் கோபிசெட்டிபாளையத்து நண்பர் 'கோபி நெல்வயல்' தன் அட்டவணையைப் போட்டிருந்தார். ஏக்கருக்கு 2 கிலோ விதை, 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி, நட்ட பத்தாம் நாளிலிருந்து கோனோவீடர் என்ற தள்ளு களைக்கருவி. அதுவரை சரி. கடைசி வரியில், "வரி பிசகாமல் செய்தால் எந்த வயலிலும் ஏக்கருக்கு 45 மூட்டை. வராவிட்டால் நீங்கள் 14 நாளில் நடவில்லை என்று அர்த்தம்" என்று எழுதிவிட்டார். அதைப் படித்ததிலிருந்து, வாய்க்கால் முடிகிற கடைமடையில் கிடக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

நான் நட்டேன் ஐயா. 14 நாளில்தான் நட்டேன். 2021 நவம்பர் முதல் வாரம், தாளடி என்ற இரண்டாம் போகம், 3 மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். நாற்று நான்கு விரற்கடை உயரம்கூட இல்லை. மூன்றாம் நாள் இரவு பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் போனால் முழங்கால் தண்ணீர். வரப்பு எங்கே என்று காலால் தடவித்தான் நடக்க முடிந்தது. வடிகால் முழுக்க வெங்காயத்தாமரை, அந்தப் பக்கம் கடலும் தண்ணீரை வாங்கவில்லை. ஆறு நாள் கழித்து வடிந்தபோது, அழுகாமல் மிஞ்சியதை நண்டு வெட்டிப் போட்டிருந்தது. குத்துக்கு ஒரே நாற்று என்றால் நண்டு ஒரு வெட்டு வெட்டினால் அந்த இடம் சொட்டைதான். பக்கத்து வயலில் 30 நாள் நாற்றைக் குத்துக்கு மூன்றாக நட்ட என் பெரியப்பா தை மாசம் அறுத்தார். நான் வேடிக்கை பார்த்தேன்.

கோபி நெல்வயல்
ஏனுங்க, உங்கள் ஊரில் வடிகால் அடைத்துக் கிடந்தால் அதற்கு நானா பொறுப்பு? தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் 11 போகமாக இப்படித்தான் நடுகிறேன். 14 நாள் என்பது சும்மா வந்த கணக்கு இல்லை. மூன்று இலையைத் தாண்டுவதற்குள் பிடுங்கி நட்டால்தான் தூர் வெடிக்கும், பக்கத்தில் புதுத் தண்டுகள் கிளைக்கும். கிழட்டு நாற்றில் எத்தனை உரம் கொட்டினாலும் அது வராது. அட்டவணையில் தப்பு இல்லைங்க, செய்தவர் கையில் தப்பு.

கடைமடையான்
செய்தவர் கையா? தூர் வெடிக்கும் என்பதை யார் மறுத்தது? தூர் வெடிக்க நாற்று உயிரோடு இருக்க வேண்டும்.

ஏரிப்பாசனம் (செங்கல்பட்டு)
அண்ணன்களுக்கு வணக்கம். வேலையை விட்டுவிட்டு அப்பாவின் நிலத்தில் இறங்கி இரண்டாவது வருஷம். கோபி அண்ணன் அட்டவணையைத்தான் அச்செடுத்து மோட்டார் அறையில் ஒட்டியிருக்கிறேன். ஒரு சந்தேகம். 14 நாள் என்பது விதையை ஊறப்போட்ட நாளிலிருந்தா, நாற்றங்காலில் பாவிய நாளிலிருந்தா?

பொருநைக்கரை
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். நான் எங்கள் தாமிரபரணிப் பக்கத்தின் கார், பிசானம் என்ற இரண்டு போகமும் 40 வருஷமாகப் பார்த்தவன். எங்கள் அப்பா சொன்ன கணக்கு, மாதத்துக்கு ஒரு வாரம். மூன்றரை மாதப் பயிருக்கு மூன்றரை வாரம், ஐந்து மாதப் பயிருக்கு ஐந்து வாரம். ரகம் என்ன என்று கேட்காமலே இருவரும் நாளை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கோபி நெல்வயல்
ஐயா, அந்தக் கணக்கு கொத்துக் கொத்தாக நட்ட காலத்துக்கு. ஒற்றை நாற்று நடவுக்கு 14 நாள்தான். இதில் பேச என்ன இருக்கிறது?

கடைமடையான்
பேச நிறைய இருக்கிறது. இந்த முறை எங்கே பிறந்தது என்று தெரியுமா? மடகாஸ்கரில், ஹென்றி தெ லொலானியே என்ற பாதிரியாரிடம். 1983-இல் மழை ஏமாற்றியது. நாள் நெருக்கியதால் 15 நாள் நாற்றையே பிடுங்கி நட வேண்டிய நிலை வந்தது. அது தூர் கட்டியதைக் கவனித்துத்தான் அடுத்தடுத்த போகங்களில் முறையாக்கினார். அவர் யாருடைய அட்டவணையையும் அச்செடுத்து ஒட்டவில்லை. தன் வயலைப் பார்த்தார். நீங்கள் அவர் பார்வையை விட்டுவிட்டு அவர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12 என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாதம். அதற்கு மேல் கல்லணையிலிருந்து வயலுக்குப் பாயும் எங்கள் கன்னி வாய்க்காலுக்கு வந்து சேர எத்தனை நாள் என்று எவராலும் சொல்ல முடியாது. நாற்று விட்டுவிட்டுக் காத்திருப்போம், தண்ணீர் வரும்போது நாற்றுக்கு 25 நாள் ஆகியிருக்கும். அதைப் பிடுங்கி எறியச் சொல்கிறீர்களா?

கோபி நெல்வயல்
மடகாஸ்கர் கதை நன்றாக இருக்கிறது. தண்ணீர் வருமா என்று தெரியாமல் நாற்று விட்டது யார் தப்பு? அட்டவணை போட்டுச் செய்கிறவன் தண்ணீரைப் பார்த்துத்தான் நாற்று விடுவான்.

கடைமடையான்
தண்ணீரைப் பார்த்த பிறகு நாற்று விட்டால் ஐப்பசி அடைமழையில்தான் நட முடியும். கொடிவேரி அணையில் மதகைத் திருப்பினால் தண்ணீர் வரும் இடத்தில் இருந்துகொண்டு கடைமடைக்குப் பாடம் எடுக்கிறீர்கள்.

நஞ்சை மணி (மதுராந்தகம்)
அது கிடக்கட்டும், 45 மூட்டை என்றால் எத்தனை கிலோ மூட்டை? எங்கள் பக்கம் 75. டெல்டாவில் 60. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். 40-ஐ வைத்து 45 என்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கோபி நெல்வயல்
60 கிலோதான். சந்தேகமாக இருந்தால் அறுப்புக்கு வாங்க, தராசு வைத்தே காட்டுகிறேன்.

கடைமடையான்
தராசு இருக்கட்டும். போன வருஷம் நீங்கள் அனுப்பிய தூயமல்லி விதை பாதிகூட முளைக்கவில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கோபி நெல்வயல்
ஈரச் சாக்கில் கட்டி மூன்று வாரம் போட்டு வைத்தால் என் தாத்தா விதைத்திருந்தாலும் முளைக்காது. காசு வாங்காமல் கொடுத்தேன், அதற்கு இந்தப் பேச்சு.

பொருநைக்கரை
விதைப் பஞ்சாயத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைமடைத் தம்பி, 2021-க்குப் பிறகு என்ன செய்தீர்கள்? அதைச் சொன்னால் நாலு பேருக்கு உதவும்.

கடைமடையான்
சொல்கிறேன் ஐயா. ஒரு நோட்டுப் போட்டேன். எங்கள் வாய்க்காலுக்கு எந்தத் தேதி தண்ணீர் வந்தது, எந்த மழைக்கு எந்த வயலில் எத்தனை நாள் தேங்கியது, எல்லாம் அதில். ஒரு மூங்கில் கழியில் விரற்கடை விரற்கடையாக வெட்டுக் குறி போட்டு ஒவ்வொரு வயலிலும் ஊன்றிப் பார்த்தேன். என் 12 மாவில் கிழக்கு 5 மா மேடு, மழை விட்ட மறுநாளே வடிகிறது. மேற்கு 4 மா கிண்ணம் மாதிரி, ஒரு வாரம் நிற்கிறது. இத்தனை வருஷம் உழுத நிலம், குறித்து வைத்துப் பார்க்கும்வரை எனக்கே இது தெரியாது.

இப்போது மேட்டில் 18 முதல் 20 நாள் நாற்று, குத்துக்கு இரண்டு. பள்ளத்தில் வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1, 30 நாள் தாண்டிய நாற்று. அது நீண்ட காலப் பயிர், அந்த வயது ஒத்துக்கொள்கிறது. நடுவில் இருக்கும் 3 மாவுக்கு நாற்றே கிடையாது, ஆவணியில் காய்ந்த மண்ணில் நேரே புழுதி விதைப்பு. கோனோவீடர் எங்கள் களிமண்ணில் பத்தடி தள்ளுவதற்குள் சேறு அப்பி நின்றுவிடுகிறது, தள்ளுகிற ஆளின் தோள்பட்டை போய்விடுகிறது. அதனால் மேட்டில் மட்டும் ஓட்டுகிறேன். இதை யாரும் அப்படியே எடுக்க வேண்டாம். அடுத்த வாய்க்கால்காரருக்கே இது பொருந்தாது.

கோபி நெல்வயல்
18 நாள், 30 நாள், அப்புறம் நாற்றே இல்லை. இதற்குப் பெயர் திட்டமா? ஒரு போகமாவது 12 மாவிலும் 14 நாளில் நட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்.

கடைமடையான்
நட்டேன் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன்.

கோபி நெல்வயல்
3 மாவில் நட்டீர்கள். அதுவும் அடைமழைக் காலத்தில்.

நஞ்சை மணி
60 கிலோ என்று வாயால் சொன்னதோடு சரி, தராசு இன்னும் வரவில்லை.

ஏரிப்பாசனம்
அண்ணா, என் கேள்வியும் அப்படியே நிற்கிறது. ஊறப்போட்டதிலிருந்தா, பாவியதிலிருந்தா? நாளைக்கு விதை ஊறப்போடுகிறேன்.

கோபி நெல்வயல்
பாவியதிலிருந்து, தம்பி. இதுகூடவா கேட்பீர்கள்?

கடைமடையான்
அப்படியா? உங்கள் அட்டவணையைத் திறந்து பாருங்கள். முதல் நாள் என்று போட்டு "விதை ஊறவைத்தல்" என்று எழுதியிருப்பது யார்? ஒரு நாள் ஊற, ஒரு நாள் முளைகட்ட. மூன்றாம் நாள்தான் பாவுகிறீர்கள். அந்தத் தம்பி அதை அப்படியே பார்த்து நட்டால் அது 12 நாள் நாற்று. 11 போகமாக நீங்கள் நட்டது 14-ஆ, 12-ஆ?

கோபி நெல்வயல்
14 நாளுங்க. என் வயலில் நின்று எண்ணியவன் நான். உங்களுக்கு முளைக்காத விதையைப் பற்றித்தானே எண்ணத் தெரியும்.

கடைமடையான்
அட்டவணையின் படத்தை எடுத்து வைத்துவிட்டேன். திருத்தினாலும் தெரியும்.