புதுப்பிப்பு: ஹோய் ஆன் மழையில் மாட்டிக்கொண்டவன்

வியட்நாமில் ஹோய் ஆனில் நாலு நாளாக விடாத மழை, ஹுவே வழியாக ஃபோங் ஞா குகைகளுக்குப் போகலாமா, தெற்கே திரும்பலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். தெற்கே திரும்பிவிட்டேன்.

கேட்ட மறுநாள் காலையே து போன் ஆறு ஏறி, பழைய ஊரின் ஆற்றோரத் தெருவில் முழங்கால் தண்ணீர். கடைக்காரர்கள் பதறவே இல்லை. சாமான்களை மாடிக்கு ஏற்றுவது அவர்களுக்குப் பழகிய வேலை போல. ஒரு பழைய வீட்டின் சுவரில் முந்தைய வெள்ளங்கள் எட்டிய உயரத்தைக் குறித்து வைத்திருந்தார்கள். ஒரு குறி என் தலைக்கு மேலே.

வடக்கே போகும் ரயிலும் நின்றுவிட்டது. போயிருந்தாலும் வீண்தான்: ஃபோங் ஞா குகைக்குப் படகில்தான் போக வேண்டும், ஆறு ஏறினால் மூடிவிடுவார்கள்.

மூன்று நாள் விடுதி மாடியில் சீட்டாட்டமும் காவ் லாவ் நூடுல்ஸும். அப்புறம் தா நாங்கிலிருந்து விமானம் பிடித்து ஹோ சி மின் நகரம். இப்போது மேகாங் டெல்டாவில், வெயிலில்.

தப்பு என்னுடையதுதான். நவம்பரில் மழை குறையும் என்று நான் படித்தது தெற்கு வியட்நாமைப் பற்றி. நடுப்பகுதியில் நம்மூர் மாதிரியே வடகிழக்குப் பருவக்காற்று, அக்டோபர் நவம்பரில்தான் கொட்டும். சென்னைக்காரனுக்கு இது உறைக்காமல் போனதை என்ன சொல்ல!

பைக்குள் குப்பைக் கவர் போட்டுத் துணிகளைக் கட்டச் சொன்னவருக்கு நன்றி. மேலுறையை மட்டும் நம்பியிருந்தால் பாஸ்போர்ட்டே ஊறியிருக்கும். ஷூதான் இன்னும் காயவில்லை.