ஆஸ்டன் தெருக்காரர்கள் நால்வர்: எங்கள் வீட்டுக் குழுவில் ஓர் இரவு

நான்: [படம்]

சித்தி: யாருப்பா இந்த நாலு பேர்? பெஞ்சில் முகம் பதித்து வைத்திருக்கிறார்களே.

நான்: பிளாக் சப்பாத் குழு, சித்தி. ஹெவி மெட்டல் என்கிற கனத்த கிதார் ஒலி கொண்ட ராக் இசையைத் தொடங்கி வைத்தவர்கள். நாலு பேரும் பர்மிங்காமில் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர்கள். இன்றைக்கு பிராட் தெருப் பாலம் வழியாக வந்தேன், நின்று எடுத்தேன்.

அக்கா: பத்தாவது படிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாயே, அந்தச் சத்தமா?

நான்: அதேதான் அக்கா. ஆனால் படம் போட்டது பெரியப்பாவுக்காக. 2025 ஜூலை 5 அன்று இங்கே வில்லா பார்க் மைதானத்தில் இவர்களுடைய கடைசிக் கச்சேரி. மெட்டாலிகா, ஸ்லேயர், கன்ஸ் அண்ட் ரோசஸ் என்று பெரிய குழுக்கள் எல்லாம் வந்து பாடின. லாபம் மூன்று இடங்களுக்கு. ஒன்று, கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு உதவும் கியூர் பார்க்கின்சன்ஸ் அமைப்பு. மற்ற இரண்டும் குழந்தைகளுக்கு: இங்குள்ள குழந்தைகள் மருத்துவமனை, அப்புறம் ஏகார்ன்ஸ் பராமரிப்பு இல்லம்.

பெரியம்மா: பெரியப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்கிறேன். ஏன் பார்க்கின்சன் என்று கேட்கிறார்.

நான்: உங்களைப் போலவே இந்தக் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்னுக்கும் அது இருந்தது பெரியப்பா. 2020-ல் அவரே வெளியில் சொன்னார். அன்று நிற்க முடியாமல் கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்துதான் பாடினார். முதலில் தன் தனிப் பாட்டுகள் ஐந்து, பிறகு பழைய கூட்டாளிகளோடு நான்கு. நால்வரும் ஒரே மேடையில் சேர்ந்து இருபது வருடம் ஆகியிருந்தது. ஆறு வருடமாக முடங்கிக் கிடந்தேன் என்று மேடையிலேயே சொன்னார். குரல் சில இடங்களில் பிசிறியது. விட்ட இடத்தை மைதானமே சேர்ந்து பாடியது. அதைப் பார்த்தபோது உங்கள் நினைவுதான்.

அண்ணன்: 14 கோடி பவுண்டு வசூல் என்று ஒரு ஃபார்வர்டு வந்ததே?

நான்: அதை யாருக்கும் அனுப்பாதே அண்ணா. ஓஸியின் மனைவி ஷரனே அந்தக் கணக்கை மறுத்துவிட்டார்.

சித்தி: இந்த மாதிரிப் பாட்டுக்காரர்கள் தர்ம காரியமும் செய்வார்களா?

நான்: ரொம்ப காலமாகச் செய்கிறார்கள் சித்தி. ஓஸிக்குப் பிறகு இதே குழுவில் பாடியவர் ரோனி ஜேம்ஸ் டியோ. ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985-ல் நாற்பது மெட்டல் கலைஞர்களைத் திரட்டி 'ஹியர் அண்ட் எய்ட்' என்ற பெயரில் ஒரு பாட்டுப் பதிவு செய்தார். 2010-ல் அவர் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். அவர் பெயரில் புற்றுநோய்க்காக ஒரு நிதியை அவர் மனைவி வெண்டி நடத்துகிறார்.

பெரியம்மா: படத்தில் இருக்கும் கிதார்க்காரரைப் பற்றிச் சொல் என்கிறார்.

நான்: டோனி அயோமி. இவர் கதை உங்களுக்குப் புரியும் பெரியப்பா. 17 வயதில் தகடு ஆலையில் வேலை. வேலையை விட இருந்த கடைசி நாளில் இயந்திரத்தில் மாட்டி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடதுகை வாசிப்புக்காரர், அதனால் தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்தி போட்டார், பின்னால் சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த ஒலி அந்தக் கையிலிருந்து வந்தது.

பெரியம்மா: கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொல்கிறார்: "எங்கள் பட்டறையில் பிரஸ்ஸில் விரல் போனவர்கள் மூன்று பேர். ஒருத்தரும் திரும்ப வேலைக்கு வரவில்லை." அந்தப் பாடகர் இப்போது எப்படி இருக்கிறார் என்றும் கேட்கிறார்.

நான்: கச்சேரி முடிந்து பதினேழாம் நாள் இறந்துவிட்டார் பெரியப்பா. ஜூலை 22. இறுதி ஊர்வலம் இந்தப் பாலத்துக்குத்தான் வந்தது. பெஞ்சை மூடும் அளவுக்குப் பூ.

அக்கா: பெரியப்பாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ?

பெரியம்மா: இல்லை, சொன்னதே நல்லது என்கிறார். உட்கார்ந்து பாடுகிற அந்த வீடியோவை அனுப்பு. காலையில் மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் கை நிதானமாக இருக்கும், போனைத் தானே பிடித்துப் பார்ப்பாராம்.