அட்டைப்பெட்டிக் கொலுப்படி நாலாம் நாள் தொய்ந்துவிட்டது, எங்கே தப்பு?

மாடிவீட்டுக் கொலு:

திருப்பூரில் இரண்டாம் மாடியில் வாடகை வீடு. அம்மா வீட்டு மரப்படி கும்பகோணத்தில் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதைக் கேட்டால் ஒரு குடும்பப் பஞ்சாயத்தே நடக்கும் என்பதால் கேட்கவில்லை. இரும்பு ஸ்டாண்ட் வாங்கலாம்தான், ஆனால் ஒன்பது நாள் முடிந்ததும் அதை எங்கே வைப்பது? என் கணவர் பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். அளவு மாறிப்போய் ஒதுக்கிய ஏற்றுமதிப் பெட்டிகள் எப்போதும் கிடைக்கும். எல்லாம் ஐந்து ப்ளை, அதாவது ஐந்து தாள் சேர்த்து ஒட்டிய அட்டை.

போன வருடம் அவற்றை வைத்து ஐந்து படி கட்டினேன். நீளம் 4 அடி, ஒவ்வொரு படியும் 10 அங்குல ஆழம், 8 அங்குல உயரம். பெட்டிகளைப் படுக்கவைத்து அடுக்கி, மேலே நீளமாக ஓர் அட்டை, அதன் மேல் அப்பாவின் வேட்டி. முதல் நாள் கல்லு மாதிரி நின்றது. நானே உட்கார்ந்து பார்த்தேன், 54 கிலோ. ஒன்றும் ஆகவில்லை.

நாலாம் நாள் மழை. சாயந்திரம் விளக்கேற்ற வந்து பார்க்கிறேன், மூன்றாம் படி நடுவில் தூளி மாதிரி தொய்ந்திருக்கிறது. கல்யாண செட்டில் தவில்காரர் நாதஸ்வரக்காரர் மேல் சாய்ந்து நிற்கிறார். ஏழாம் நாள் இருவரும் தரையில். ஆட்கள் பிழைத்தார்கள், நாதஸ்வரம் போச்சு. அம்மா போனில் சொன்னாள்: "பொம்மையைப் பெட்டிக்குள்ள வைக்கணும்டி, பெட்டி மேல வைக்கக் கூடாது."

அந்தப் படியில் இருந்த பொம்மைகளைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மொத்தம் 14 கிலோ. என்னைத் தாங்கிய அட்டை அதற்குப் போய் ஏன் மடங்கியது? துணி சுற்றி வரும் கெட்டிப் பேப்பர் குழாய்களும் கம்பெனியில் கிடைக்கின்றன. அவற்றைக் கால்களாக வைக்கலாமா? வார்னிஷ் அடித்தால் மழைக்குத் தாங்குமா? இந்த வருடம் மறுபடி கட்டப் போகிறேன். அம்மாவிடம் தோற்க முடியாது.

சிவகாசி பெட்டிக்காரன்:

தங்கச்சி, 22 வருடமாகப் பெட்டி போடுகிறேன். நீங்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். படியின் நடுவில் இரண்டு பெட்டிக்கும் இடையே இடைவெளி விட்டிருப்பீர்கள். நீங்கள் உட்கார்ந்தது ஓரத்தில், பெட்டிக்கு நேர் மேலே. சரியா?

அடுத்தது, பெட்டிகளைப் படுக்கவைத்தேன் என்கிறீர்களே, பாதித் தப்பு அங்கேதான். அட்டையை வெட்டின ஓரத்தைப் பாருங்கள், உள்ளே அலை அலையாகத் தாள் தெரியும். ஃப்ளூட் என்போம். பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது அந்த அலைகள் மேலிருந்து கீழாக, வரிசையாகத் தூண் நட்ட மாதிரி நிற்கும். கனம் தாங்குவது அதுதான். பெட்டியைப் படுக்கவைத்தால் தூண்களும் படுத்துவிடும். படுத்த தூண் எதைத் தாங்கும்?

மூன்றாவது, நேரம். அட்டை ஒரு நிமிடம் தாங்குகிற கனம் வேறு, ஒன்பது நாள் தாங்குகிற கனம் வேறு. மெஷினில் வைத்து நசுக்கும்போது 400 கிலோ வரை நிற்கிற பெட்டி மேல், கோடவுனில் மாதக்கணக்கில் வைக்க 100 கிலோவுக்கு மேல் நான் ஏற்றமாட்டேன். கனம் மாறாவிட்டாலும் தாள் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டே இருக்கும். அதில் மழை வேறு. காற்றில் ஈரம் 90 சதவீதத்தைத் தொட்டால் அட்டையின் பலம் ஏறக்குறைய பாதிதான். தாளை ஒட்டியிருப்பதும் ஸ்டார்ச் பசைதானே. தண்ணீர் மேலே கொட்ட வேண்டாம், புழுக்கமே போதும்.

இப்போது செய்ய வேண்டியது. பாட்டில் வரும் பெட்டிக்குள் கட்டம் கட்டமாகத் தடுப்பு பார்த்திருப்பீர்கள், பார்ட்டிஷன் என்போம். ஒவ்வோர் அட்டையிலும் பாதி உயரத்துக்கு வெட்டு போட்டு, ஒன்றை மேலிருந்தும் ஒன்றைக் கீழிருந்தும் கோத்தால் தானாக நிற்கும், பசையே வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் தரையிலிருந்தே தனி உடம்பு கட்டுங்கள். 8, 16, 24, 32, 40 அங்குலம் என்று ஐந்து உடம்பு. ஒன்றின் மேல் ஒன்றை அடுக்காதீர்கள். உள்ளே 6 அங்குலக் கட்டமாகத் தடுப்பு, அலை நிமிர்ந்து நிற்க வேண்டும். தடுப்பு இருந்தால் உயரமான சுவரும் வயிறு தள்ளாது. மேல் பலகைக்கு இரண்டு அட்டை, ஒன்றில் அலை நீளவாக்கில், மற்றதில் குறுக்குவாக்கில். ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, ராத்திரி முழுக்க மேலே அரிசி மூட்டை வையுங்கள். பசை அதிகமானால் அட்டை நனைந்து வளைந்துவிடும். ஐந்தையும் நெருக்கி வைத்துச் சுற்றிலும் ஒரு பட்டை இழுத்துக் கட்டினால் பின்னாலிருக்கிற உயரமானது சாயாது.

பழைய மடிப்புக்கோடு விழுந்த இடத்தைச் சுவருக்கு எடுக்காதீர்கள். அங்கே அலை ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கும்.

மதுரை வரைபலகை:

கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிறேன், குழாய் என்றதும் வந்துவிட்டேன். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் வீடிழந்தவர்களுக்குக் காகிதக் குழாய்ச் சுவர் வைத்த வீடுகள் கட்டினார். குழாயின் விட்டம் 106 மில்லிமீட்டர், தடிமன் வெறும் 4 மில்லிமீட்டர். அடித்தளம் என்ன தெரியுமா? மணல் மூட்டை நிரப்பிய பீர் பாட்டில் கிரேட்டுகள்! அதே ஊரில் 58 குழாய்களை நிறுத்தி ஒரு தேவாலயமும் கட்டினார். தற்காலிகம் என்று சொன்னது பத்து வருடம் நின்றது. 2005இல் பிரித்து தைவானுக்குக் கொண்டுபோனார்கள். நம் நாட்டிலும் அவர் வேலை உண்டு. 2001 பூஜ் நிலநடுக்கத்துக்குப் பின் அதே மாதிரி வீடுகள். அங்கே கிரேட் கிடைக்கவில்லை, இடிந்த கட்டடங்களின் கல்லும் கட்டியும்தான் அடித்தளம், அதன் மேல் மண் தரை.

எங்கள் மாணவர்கள் இதைக் கேட்டதும் எல்லாவற்றுக்கும் குழாய் என்று கிளம்பிவிடுவார்கள். அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 2013இல் திறந்த அவருடைய அட்டைப் பேராலயத்தில், வேண்டிய தடிமனில் குழாய் உள்ளூரில் கிடைக்காததால் குழாய்களுக்குள் மர உத்தரங்களைச் செருகினார்கள். குழாய் நிமிர்ந்து நிற்கும்போது ராஜா. தொல்லை எல்லாம் இணைப்பில்தான். உங்கள் நாலு கால் குழாயை மேல் பலகையோடு எதை வைத்துப் பிடிப்பீர்கள்? ஒரு பக்கம் தள்ளினால் நாலும் சேர்ந்து சாயும். குறுக்குச்சட்டம் வைக்க ஆரம்பித்தால் அதற்கு மரப்படியே தேவலை. பெட்டிக்காரர் சொன்ன கட்டத் தடுப்புக்கு என் ஓட்டு. அமெரிக்காவில் ஃபிராங்க் கேரி 1972இல் நெளிநெளியாக ஒரு அட்டை நாற்காலி செய்தார், அதிலும் இதே சூத்திரம்தான். அட்டையை அலை மாற்றி மாற்றி ஒட்டி, வெட்டின ஓரம் வெளியே தெரியும்படி நிறுத்தினார்.

கோபேயிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கிரேட்டைத்தான். அட்டை தரையைத் தொடக் கூடாது. வீடு துடைக்கிற தண்ணீரைக் கீழ் விளிம்பு திரி மாதிரி உறிஞ்சும். அடியில் ரப்பர் பாய் துண்டு போடுங்கள், போதும். வார்னிஷ் அடிப்பதானால் இரண்டு பக்கமும், வெட்டின ஓரங்களிலும் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அட்டை அப்பளமாக வளையும். ஒன்பது நாளுக்கு நான் அடிக்கவேமாட்டேன்.

வெந்தயப்பாட்டி:

கண்ணு, காகிதத்தில் சாமான் செய்வது புதுசு இல்லை. எங்கள் வீட்டில் பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டுரலில் அரைத்து, குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வோம். புளியும் மிளகாயும் போட்டுவைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். வெந்தயம் பசைக்கும் ஆச்சு, பூச்சி வராமலும் இருக்கும் என்பார்கள். அட்டை மேல் பழுப்புத் தாள் ஒட்டுவதானால் மைதாப் பசையில் சிட்டிகை மயில்துத்தம் போடு, பாச்சை நக்காது. அது விஷம், குழந்தை கையில் படாமல் பார்த்துக்கொள்.

விளக்கை எக்காரணம் கொண்டும் படியில் வைக்காதே. தள்ளி, தரையில், தாம்பாளத்துக்கு நடுவில் வை. வேட்டி நுனி தொங்கக் கூடாது. சின்ன சீரியல் பல்பு சரத்தையும் அட்டைக்குள் ஓட்டாதே.

அப்புறம், எல்லாப் பொம்மையும் மண்ணாகவே இருக்கணுமா? காகிதக் கூழ் பொம்மை நாலு வாங்கி மேல் படியில் வை. காகிதத்தின் மேல் காகிதம், சண்டை வராது.

மாடிவீட்டுக் கொலு:

பெட்டிக்கார அண்ணா, நீங்கள் சொன்ன பிறகுதான் போன வருட போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு அடி இடைவெளி. நான் உட்கார்ந்தது வலது ஓரத்தில், சிரித்துக்கொண்டு.

இந்த வருடப் படி முடிந்தது. முதல் தடவை வெட்டு 10 மில்லிமீட்டர் அகலம் போட்டுவிட்டேன், கோத்த கட்டம் பல் ஆடுகிற மாதிரி ஆடியது. ஏழு தடுப்பு வீண். அட்டையின் தடிமன் 7 மில்லிமீட்டர்தான், வெட்டையும் 7க்குக் குறைத்ததும் கிச்சென்று பிடித்தது. கத்தி அலகு மட்டும் பதினொன்று மாற்றினேன். மொண்ணை அலகு அலையை வெட்டாமல் நசுக்குகிறது, அதை இரண்டாம் நாள்தான் கவனித்தேன். உள்ளங்கையில் கொப்புளம்.

பொம்மை வைக்குமுன் மூன்றாம் படியில் 25 கிலோ அரிசி மூட்டையை மூன்று ராத்திரி வைத்தேன். ஓரத்துக்கு ஓரம் நூல் கட்டிப் பார்த்ததில் 2 மில்லிமீட்டர் இறக்கம். மூட்டையை எடுத்ததும் பாதி திரும்பிவந்தது. மேல் பலகைகளை மட்டும் மடக்க முடியாது, அவை கட்டிலுக்கு அடியில் போகும். தடுப்பெல்லாம் கழற்றினால் பீரோவுக்குப் பின்னால் நாலு விரல் இடம்.

பாட்டி, விளக்கு தாம்பாளத்தில், மூன்று அடி தள்ளி.

சிவகாசி பெட்டிக்காரன்:

வெட்டின மிச்சத்தைத் தூக்கிப் போடாதீங்க. அடுத்த வருடம் இரண்டு தடுப்பு நிச்சயம் மாற்ற வேண்டிவரும்.

மாடிவீட்டுக் கொலு:

மிச்சத்தில் கொஞ்சம் போயாச்சு அண்ணா. என் மகள் மேல் தாளை உரித்து, ஈர்க்குச்சியில் இறுக்கிச் சுற்றி, புது நாதஸ்வரம் செய்திருக்கிறாள். கறுப்பு மை பூசினதும் தூரத்திலிருந்து தெரியவில்லை. தவில்காரர் இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறார். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டேன், படி நேராகத்தான் இருக்கிறது. அவரைச் செய்தவர் அப்படிச் செய்துவிட்டார்.