கடலோரத்தில் காரை எத்தனை வருடம் வைத்திருக்கலாம்?

மண்டபத்தான்:
2017-இல் வாங்கிய பெட்ரோல் கார், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போய் வருகிறேன். இன்ஜினில் குறையில்லை. ஆனால் கதவுகளின் அடியில் துரு தெரிகிறது. இப்போதே விற்றுவிடலாமா, 15 வருடம் முடிந்து எப்.சி. (வண்டி ஓடத் தகுதி உள்ளது என்ற சான்று) எடுக்கும்வரை ஓட்டலாமா?

தொண்டிக்காரன்:
விற்றுவிடுங்கள். இந்தக் காலத்துக் காரில் இன்ஜின் சீக்கிரம் கெடாது, வயரும் சென்சாரும்தான் உயிரை வாங்கும். என் காரில் டேஷ்போர்டில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு சென்சாரை மாற்றினார்கள், அப்புறம் இன்னொன்று. 14,000 ரூபாய் போனது, விளக்கு அணையவில்லை. உப்புக்காற்றில் பழைய காரை வைத்திருப்பது நஷ்டம்.

கீழக்கரையான்:
தம்பி, எர்த் வயரைப் பார்த்தார்களா? எனக்கும் அதே விளக்குதான் எரிந்தது. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் வயரின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். அதோடு சரி. ஒர்க்‌ஷாப்பில் காரில் மாட்டிப் பார்க்கும் ஸ்கேனர் எந்த சிக்னல் தப்பு என்று காட்டும், ஏன் தப்பு என்று காட்டாது. அதை ஆள்தான் தேட வேண்டும்.

மண்டபத்தாருக்கு: கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். மணல் அடைத்தால் உப்புத்தண்ணீர் உள்ளேயே தங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். தனுஷ்கோடி போய்வந்தால் அன்றைக்கே காரின் அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடியுங்கள்.

தொண்டிக்காரன்:
நல்ல தண்ணீரா? காவிரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடக்கிற ஊரில் அதைக் காருக்கு ஊற்றச் சொல்கிறீர்களே, அண்ணே. எங்கள் வீட்டு போர்வெல்லில் வருவது உப்புத்தண்ணீர்.

கீழக்கரையான்:
நியாயமான கேள்வி. குடிதண்ணீரைத் தொட வேண்டாம். மொட்டை மாடி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து, கைப்பம்பு ஸ்பிரேயரில் அடிக்கிறேன். சக்கர வளைவு, கதவின் அடி, சைலன்சர் பக்கம் மட்டும் அடித்தால் இரண்டு வாளி போதும். போர்வெல் தண்ணீரை மட்டும் ரேடியேட்டரில் ஊற்றிவிடாதீர்கள். உப்பு உள்ளே படிந்து அரிக்கும். தயாராகக் கலந்து வரும் கூலன்ட்டையே (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றுங்கள். துருவைச் சுரண்டாமல் மேலே கோட்டிங் அடிப்பதும் வேண்டாம், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாக அரிக்கும்.

தொண்டிக்காரன்:
பெட்ரோல் சரி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 என்ற புகை மாசு விதிப்படி செய்த டீசல் கார் என்றால்? புகைக்கரி பில்டர் நீண்ட ஓட்டத்தில் சூடேறினால்தான் கரியை எரிக்கும். ஊருக்குள்ளேயே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். மாற்றினால் பெரிய செலவு.

கீழக்கரையான்:
அதில் உங்கள் பக்கம்தான் நான். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் அந்த டீசலை வைத்திருக்க வேண்டாம்.

மண்டபத்தான்:
குத்திப் பார்த்தேன். டிரைவர் பக்கக் கதவிலிருந்து அரை டம்ளர் தண்ணீர், செம்மண் நிறத்தில், மணலோடு வந்தது. விற்கும் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டேன். மற்ற மூன்று கதவுகளையும் நாளைக் காலையில் பார்க்கிறேன்.