உங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயாவைப் பற்றிச் சொல்லுங்கள்

கரிசல்மண்:
1999. நாலாம் வகுப்பு. கோவில்பட்டிப் பக்கம், அடுத்த ஊரில்தான் பள்ளிக்கூடம். அப்பா படுத்துவிட்டார், நான் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்விட்டேன். நாலு நாள் ஆகியிருக்கும். மத்தியானம் வாசலில் ஆயா நிற்கிறார். முந்தானையெல்லாம் கரி, நடந்தே வந்திருக்கிறார். கணக்கப்பிள்ளை என்னவென்று கேட்டதற்குப் பதிலே இல்லை. என்னைப் பார்த்து, "ஏல, நாளைக்கு முட்டை. ஒனக்கும் எண்ணித்தான் வந்திருக்கு. அத நான் யாருக்குப் போட?" என்றார்.

அப்போது வாரம் ஒரு முட்டை. மறுநாள் போனேன். முட்டைக்காகத்தான் போனேன். அதற்கப்புறம் நிற்கவில்லை, பி.காம். வரை வந்துவிட்டேன். முதல் சம்பளத்தில் சேலை எடுத்துக்கொண்டு போனால் கூடத்தில் வேறொருவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஆயா ஓய்வு பெற்று இரண்டு வருடம் என்றார். வீடு எங்கே என்று கேட்காமலே திரும்பிவிட்டேன். ஏன் கேட்கவில்லை என்று இன்னும் தெரியவில்லை.

வைப்பாற்றங்கரை:
வாராவாரம் முட்டையா? 1990இல் என் தம்பிக்குப் பதினைந்து நாளைக்கு ஒன்றுதான். இன்னொன்று, இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்த 1982 ஜூலையில் தொடங்குகிறீர்கள். காமராசர் 1956லேயே மதிய உணவு போட்டுவிட்டார். நான் 1968இல் சாப்பிட்டது, கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் கொடுத்த கோதுமையில் கிண்டிய உப்புமா. எங்களுக்குப் போட்டவரும் ஆயாதான். காய்ச்சலோடு போன அன்று, உப்புமாவைத் தள்ளிவைத்துவிட்டு, தன் வீட்டுக் கஞ்சியை என் தட்டில் ஊற்றினார். உப்புக்கல் கரையாமல் பல்லில் பட்டது.

நீர்மாலை:
ஐயா, எந்த வருடம் என்று சண்டை வேண்டாமே. கரிசல்மண், இப்போதும் தேடலாம். சமையலர், உதவியாளர் வேலைக்குப் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்களைத்தான் எடுப்பார்கள். முதலில் அந்த ஊர் ரேஷன் கடையில் கேளுங்கள், அங்கே எல்லோரையும் தெரியும். இல்லையென்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவு இருக்கும், பள்ளி பெயரும் நீங்கள் படித்த வருடமும் சொன்னால் போதும். பழைய அமைப்பாளர் யாராவது கிடைத்தால் இன்னும் சுலபம். போகும்போது சேலை மட்டும் கொண்டுபோகாதீர்கள். குறைந்த சம்பளத்தில் காலம் தள்ளியவர்கள், ஓய்வூதியமும் சொற்பம். கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். வருடக்கணக்கில் விறகுப் புகையில் நின்ற கண் அது. எங்கள் ஆயா எனக்கு இரண்டாவது கரண்டி சாம்பார் ஊற்றுவார், வேறு பெரிய கதை இல்லை.

அடுப்படி மகள்:
என் அம்மா சமையல் உதவியாளர். முட்டை எண்ணி வரும், அதனால் எங்கள் வீட்டுக்கு ஒன்றுகூட வந்ததில்லை. சின்ன வயதில் அதற்காக அம்மாவோடு பேசாமல் இருந்திருக்கிறேன். இப்போது யாராவது கடைத்தெருவில் "ஆயா, என்னத் தெரியுதா?" என்று நின்றால் அம்மாவுக்கு முகம் பிடிபடாது. "உன் தட்டு எப்படிய்யா இருக்கும்?" என்பார். போன மாதம் ஒருவர், போலீஸ் உடுப்பில், "விளிம்பு நசுங்கி இருக்கும் ஆயா" என்றார். "வாய்க்கா தெரு, புளிக்கொழம்புன்னா அழுவியே" என்றார் அம்மா உடனே. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கரிசல்மண்:
தங்கச்சி, இதைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். என் தட்டில் தாத்தா பெயர் வெட்டியிருக்கும். பரணில்தான் கிடக்கிறதாம், புளி போட்டுத் தேய்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். முதலில் ரேஷன் கடை.