ஸ்மார்ட் கான்ட்ராக்டில் அனுமதிகளை எப்படிப் பிரிப்பது? உதவி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். சில சிறு அமைப்புகள் சேர்ந்து நடத்தும் ஒரு பொது நிதிக்காக எத்தீரியம் பிளாக்செயினில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (விதிப்படி தானாக இயங்கும் நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். பணம் எடுப்பது, நிரலை மாற்றுவது, அவசரத்தில் நிறுத்தி வைப்பது என மூன்று அதிகாரங்களும் இப்போதைக்கு ஒரே ஓனர் முகவரியிடம் உள்ளன. அந்த முகவரியின் பிரைவேட் கீ (ரகசியச் சாவி) திருடு போனால் எல்லாம் போச்சு.

மல்டிசிக் (பலர் கையெழுத்திட்டால்தான் செயல்படும் முறை) மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2022 மார்ச்சில் ரோனின் பிரிட்ஜில் (ரோனின், எத்தீரியம் ஆகிய இரு பிளாக்செயின்களுக்கு இடையே பணத்தை மாற்றும் பாலம்) நடந்த திருட்டைப் பாருங்கள். அங்கே 9 வேலிடேட்டர்கள் (பரிவர்த்தனையைச் சரிபார்த்துக் கையெழுத்திடுபவர்கள்). 5 பேர் கையெழுத்திட்டால் பணத்தை எடுக்கலாம். ஆனால் 4 கீகள் ஸ்கை மேவிஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தன. ஐந்தாவது, ஆக்ஸி கேம் சமூகத்தின் அமைப்பான ஆக்ஸி டாவோவுடையது. 2021 நவம்பரில் பயனர் கூட்டத்தைச் சமாளிக்க, தன் சார்பில் கையெழுத்திட அது ஸ்கை மேவிஸுக்கு அனுமதி தந்திருந்தது. அடுத்த மாதமே தேவை முடிந்துவிட்டது. அனுமதியை மட்டும் யாரும் நீக்கவில்லை. அதனால் ஸ்கை மேவிஸுக்குள் புகுந்த திருடர்களுக்கு ஐந்து கையெழுத்துகளும் கிடைத்து, 1,73,600 ஈத்தரும் (எத்தீரியத்தின் நாணயம்) 2.55 கோடி யுஎஸ்டிசியும் (டாலர் மதிப்புள்ள டிஜிட்டல் நாணயம்) போய்விட்டன. பெயருக்கு ஒன்பது பேர், நடைமுறையில் ஒரே கை!

ஓப்பன்செப்லின் என்ற ஆயத்த நிரல் தொகுப்பின் ஆக்சஸ் கன்ட்ரோலை வைத்து ரோல்களை (யாருக்கு எந்த அதிகாரம் என்பதை) பிரிக்கப் போகிறேன். ஆனால் ரோல் கொடுக்கும் அட்மின் யாரிடம் இருக்க வேண்டும்? டைம்லாக்கிடம் (எந்த மாற்றத்தையும் குறித்த நேரம் காத்திருந்தே செய்யவிடும் கான்ட்ராக்ட்) கொடுத்தால், கீ திருடு போகும்போது அதன் ரோலை உடனே நீக்க முடியாதே? தற்காலிக அனுமதி குறித்த தேதியில் தானே காலாவதியாகும்படி யாராவது செய்திருக்கிறீர்களா? செய்தவர்கள் நிரலைக் காட்டினால் பெரிய உதவியாக இருக்கும். அப்புறம், நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் ஒருவரிடம் தனியாகக் கொடுப்பது சரிதானா என்றும் சொல்லுங்கள்.